சாராயத்தின் இடத்தில் எதை வைப்பது?



மதுவை விட்டவர்களும் குறைக்க நினைப்பவர்களும் புளித்த பானங்களைத் தேடிப் போகும் காலம் இது. வெளிநாட்டு நகரங்களில் பியர் போத்தல் நிற்கும் குளிர்பெட்டியிலேயே கொம்புச்சா போத்தலும் நிற்கிறது. கொழும்பின் கடைகளிலும் எல்ல போன்ற சுற்றுலா ஊர்களின் உணவகங்களிலும் அது வந்துவிட்டது. கொம்புச்சா என்பது சீனி போட்டுப் புளிக்க வைத்த தேயிலைச் சாயம்தான். அந்தத் தேயிலை விளையும் ஹட்டனிலும் பொகவந்தலாவையிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும், மாலை மங்கினால் பல ஆண்களின் கையில் இருப்பது சாராயம். அதற்குக் காசு போதாதபோது கசிப்பு எனும் கள்ளச் சாராயம். புளித்த பானங்கள் நம் தோட்டங்களில் சாராயத்தின் இடத்தைப் பிடிக்குமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி. பிடிக்கும் என்றே நம்புகிறேன். ஆனால் 'உடம்புக்கு நல்லது' என்ற விளம்பரம் அதைச் சாதிக்காது. சாராயம் ஒரு மனிதனின் நாளில் ஒரு நேரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. உட்கார ஓர் இடத்தையும் பேசத் துணையையும் தருகிறது. கைக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கிறது. அதை விரட்ட வரும் பானம் இவை அனைத்தையும் கைப்பற்றியாக வேண்டும்.

தோட்டத்துக்குச் சாராயம் எப்படி வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். குடி நம் மக்களின் பிறவிக் குணம் என்பதுபோல இன்றும் சிலர் பேசுகிறார்கள். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோப்பிக் காலத்திலேயே, ஒரு பிரதேசத்தில் சாராயம் விற்கும் உரிமையை ஆங்கில அரசு ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. குத்தகை எடுத்தவர்கள் மொறட்டுவை போன்ற கரையோர ஊர்களின் வணிகர்கள். தென்னையிலிருந்து வடித்த சாராயம் பீப்பாய்களில் வண்டியேறி மலைக்கு வந்தது. கூலிக்கு உழைக்கும் ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்தில் குவிந்திருக்கும் தோட்டப் பகுதியைவிட நல்ல சந்தை அவர்களுக்கு வேறு கிடையாது. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த குமாரி ஜயவர்தனவின் நூல், இலங்கையின் பெரும் செல்வக் குடும்பங்கள் பலவற்றின் முதல் மூலதனம் இந்தச் சாராயக் குத்தகையிலிருந்து திரண்டதை விரிவாகக் காட்டுகிறது. ஏல வருமானம் அரசின் கஜானாவுக்கும் போனது. ஆகவே தவறணை தோட்டத்தின் பக்கத்தில் தானாக முளைத்த ஒன்றல்ல. திட்டமிட்டு வைக்கப்பட்டது, அதை வைத்தவர்கள் இலாபம் பார்த்தார்கள். 1912 இல் கலால் சட்டம் மாறி, புதிய கள்ளுத் தவறணைகள் ஏராளமாகத் திறக்கப்பட்டபோது, அதை எதிர்த்து மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. சேனாநாயக்க சகோதரர்கள் அதில் தலைவர்களாக உருவானார்கள். அந்த இயக்கத்தின் வேர் சிங்கள பௌத்த ஊர்களில் இருந்தது. தோட்டமோ வெளியார் கால் வைக்க முடியாத தனியார் நிலம். பிற்பாடு தொழிலாளரைச் சந்திக்கத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் துணி வியாபாரிபோல நுழைய வேண்டியிருந்த இடம் அது. அப்படிப்பட்ட இடத்துக்குள் சாராயப் பீப்பாய் மட்டும் தடையின்றிப் போய் வந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஒரு பானம் இன்னொரு பானத்தின் இடத்தைப் பிடித்ததற்கு மிகத் தெளிவான சான்று தேயிலையே. 1832 இல் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் ஜோசப் லைவ்சியும் வேறு ஆறு பேரும் எல்லா வகை மதுவையும் விடுவதாகக் கையெழுத்திட்டார்கள். அங்கிருந்து பரவிய மதுவிலக்கு இயக்கம், மதுக்கடைக்குப் போகாதே என்று சொல்வதோடு நிற்கவில்லை. தேநீர் விருந்துகளை நடத்தியது. பெரிய மண்டபங்களில் மேசை போட்டு, பாட்டும் பேச்சும் வைத்து, நூற்றுக்கணக்கான தொழிலாளரைக் குடும்பத்தோடு உட்கார வைத்தது. மதுவற்ற விடுதிகள், வாசிப்பறைகள், பின்னாளில் தேநீர்க் கடைகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. மதுக்கடையில் கிடைத்த வெளிச்சமும் கதகதப்பும் துணையும் தேநீரோடும் கிடைத்தன. ஆங்கிலேயர் குடி குறைந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு: கூலி உயர்ந்தது, மதுக்கடை நேரம் சுருங்கியது, தேயிலை விலை இறங்கியது. ஆனால் மதுவை மறுத்தவன் எங்கே போய் உட்காருவது என்ற கேள்விக்கு அந்த இயக்கம் பதில் வைத்திருந்தது. 1867 இல் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் வணிக அளவில் தேயிலை நட்டார். 1890 இல் தோமஸ் லிப்டன் இங்கே தோட்டங்களை வாங்கினார். அதன் பின் அந்த மேசைகளில் ஊற்றப்பட்ட தேநீரில் பெரும் பங்கு நம் மலையிலிருந்து போனது. அங்கே ஒரு தொழிலாளர் வர்க்கத்தை மதுக்கடையிலிருந்து வெளியே கொண்டுவர உதவிய இலையை, இங்கே தவறணையின் வாசலில் வாழ்ந்த மக்கள் பறித்தார்கள். இந்த முரண் எனக்கு ஆறாத வருத்தம் தருவது.

எதிர்ப்பக்கச் சான்று சோவியத் ஒன்றியத்திலிருந்து வருகிறது. 1985 மே மாதத்தில் கோர்பசேவ் மதுவுக்கு எதிராகக் கடும் நடவடிக்கை எடுத்தார். வொட்கா உற்பத்தி குறைக்கப்பட்டது, விலை ஏறியது, கடை நேரம் சுருங்கியது. தொடக்கத்தில் இறப்புகள் குறைந்தன. அதை மறைக்கக் கூடாது. ஆனால் சிறிது காலத்தில் கடைகளிலிருந்து சீனி காணாமல் போயிற்று. வீட்டுக்கு வீடு காய்ச்சத் தொடங்கியிருந்தார்கள். சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது. இத்தனைக்கும் ரொட்டியிலிருந்து செய்யும் குவாஸ் என்ற, மிகக் குறைந்த மதுசாரமுள்ள புளித்த பானம் அந்த நாட்டு மக்களுக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம். தேயிலைச் சாயத்தைப் புளிக்க வைப்பதும் அவர்கள் சமையலறையில் இருந்தது. மாற்றுப் பானம் வீட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? வொட்காவோடு சேர்ந்து போன கூட்டத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் குவாஸை யாரும் கொண்டுபோகவில்லை.

மதுவின் இன்பத்தில் எவ்வளவு பங்கு மதுசாரத்துடையது, எவ்வளவு பங்கு எதிர்பார்ப்புடையது என்பதையும் ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட்டும் அவரது குழுவினரும் 1973 இல் வெளியிட்ட சோதனையில் சிலருக்கு வொட்கா கலந்த டொனிக் நீரும் சிலருக்கு வெறும் டொனிக் நீரும் கொடுத்தார்கள். எதைக் குடிக்கிறார்கள் என்பதைச் சிலரிடம் மாற்றிச் சொன்னார்கள். வொட்கா என்று நம்பியவர்கள், உள்ளே வொட்கா இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதிகம் குடித்தார்கள். மதுவுக்கு அடிமையானவர்களிடமும் அப்படியே நடந்தது. நம் நாட்டிலும், நோர்வே ஆய்வாளர் பெர்க்லியட் பக்லியனோடு சேர்ந்து மதுவுக்கும் வறுமைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த மனநல மருத்துவர் தியனாத் சமரசிங்க, மதுவுக்கு நாம் ஏற்றிவைத்திருக்கும் மாயத்தைக் கலைக்க வேண்டும் என்று தொடர்ந்து சொல்லிவந்திருக்கிறார். ஆகவே தொண்டையில் கொஞ்சம் உறைப்பதும் புளிப்பதும் நுரைப்பதுமான, வெறும் சோடாவைப்போல் குழந்தைத்தனமாக இனிக்காத ஒரு பானம், மாலைக் கூட்டத்தில் ஒரு மனிதனின் கையில் கௌரவமாக இருக்க முடியும். புளித்த பானங்களின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது.

இந்தத் தொழில்நுட்பம் மலைநாட்டுக்குப் புதிதும் இல்லை. கசிப்புக்காரர் செய்வது என்ன? சீனியையும் மதுவத்தையும், அதாவது ஈஸ்டையும், தண்ணீரில் போட்டு மூடிவைத்துக் கோடா ஆக்குகிறார். பிறகு தீ மூட்டி ஆவியை வடிக்கிறார். கொம்புச்சாவும் அதே சீனியில், அதே வகை நுண்ணுயிர்களில்தான் தொடங்குகிறது. ஒரு லீற்றர் கொதிநீரில் ஐந்து முதல் பத்துக் கிராம் தேயிலையும் ஐம்பது முதல் நூறு கிராம் சீனியும் போட்டு ஆறவைத்து, முந்தைய தொகுதியின் புளித்த நீர் கொஞ்சத்தையும் அதன் மேல் படர்ந்த ஆடையையும் சேர்த்து, வாயைத் துணியால் கட்டி ஒன்றிரண்டு வாரம் வைக்கிறார்கள். மதுவம் சீனியை மதுசாரமாக்குகிறது. துணி வழியே காற்று புகுவதால் இன்னொரு வகைப் பக்டீரியா அந்த மதுசாரத்தையே தின்று அசற்றிக் அமிலமாக, அதாவது வினாகிரியின் புளிப்பாக, மாற்றுகிறது. கசிப்பில் காற்றை அடைத்துத் தீயை மூட்டுகிறோம். இதில் காற்றை விடுகிறோம், தீயே இல்லை. கொழுந்து உருட்டியபின் தொழிற்சாலையில் சிவக்கிறதே, அதையும் புளித்தல் என்று சொல்வதுண்டு. அது இலையின் நொதியங்கள் காற்றோடு செய்யும் வேலை, நுண்ணுயிரின் வேலையல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மலையின் குளிர் இதில் ஒரு தடை. நுவரெலியா சுமார் 1,870 மீற்றர் உயரத்தில், ஏறத்தாழ 16 பாகை சராசரி வெப்பத்தில் இருக்கிறது. கொம்புச்சாவுக்கு உகந்தது இருபதுக்கு மேல். குளிரில் புளிப்பு மெதுவாக ஏறும். புளிப்பு ஏறத் தாமதித்தால் பூஞ்சணம் முந்திக்கொள்ளும். ஹட்டனிலும் அதற்குக் கீழேயும் கஷ்டம் குறைவு. மேலே அடுப்பங்கரையின் சூடு வேண்டும். பாத்திரமும் கண்ணாடியாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பூச்சுப் பூசிய மட்பாத்திரத்தில் செய்து மாதக்கணக்கில் குடித்த ஒரு தம்பதியருக்கு, பூச்சிலிருந்த ஈயம் புளிப்பில் கரைந்து நஞ்சேறிய செய்தி 1998 இல் மருத்துவ இதழில் வந்தது.

இனி, உடம்புக்கு நல்லது என்ற கூற்று. 2021 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 36 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பத்து வாரம் தயிர், கொம்புச்சா போன்ற புளித்த உணவுகளை அதிகம் கொடுத்தார்கள். அவர்களுடைய குடல் நுண்ணுயிர்களின் வகை பெருகியது. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதங்கள் 19 குறைந்தன. 2023 இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், நீரிழிவுள்ள 12 பேர் நான்கு வாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 240 மில்லிலீற்றர் கொம்புச்சா குடித்தபோது வெறும்வயிற்றுச் சர்க்கரை இறங்கியது. நம்பிக்கை தரும் செய்திகள்தான். ஆனால் 36 பேரையும் 12 பேரையும் வைத்து ஒரு பானத்தை மருந்தென்று கூவுவது நேர்மையாகாது. புற்றுநோயைத் தீர்க்கும், ஈரலைக் கழுவும் என்றெல்லாம் போத்தலில் எழுதுகிறவர்களை நான் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். இந்தப் பானத்தின் நன்மையைப் பேச ஒரே ஒரு வாசகம் போதும்: அது நிற்கும் இடத்தில் சாராயம் இல்லை. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னது. 2019 இல் மட்டும் மதுவால் உலகில் 26 இலட்சம் பேர் இறந்ததாக அதே நிறுவனத்தின் கணக்கு.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது கனமானது: கொம்புச்சாவிலேயே மதுசாரம் இருக்கிறதே! உண்மை. முறையாகச் செய்தால் அரை வீதத்தை ஒட்டி நிற்கும். இனிப்பு மீதமிருக்கும்போது போத்தலில் இறுக அடைத்துச் சூட்டில் வைத்தால் காற்றில்லாமல் மதுவம் தன் வேலையைத் தொடரும்; இரண்டு வீதத்தையும் தாண்டலாம். 2010 இல் அமெரிக்கக் கடைகள் கொம்புச்சாவை அலுமாரியிலிருந்து இறக்கியது அரை வீத வரம்பை அது மீறியதால்தான். எனவே குடிநோயாளியாக இருந்து மீண்டவர்களுக்குக் கொம்புச்சாவைக் கொடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. குடியை நிறுத்த டைசல்பிராம் மாத்திரை எடுப்பவருக்கு அந்தச் சிறு மதுசாரமும் நெஞ்சு படபடப்பையும் வாந்தியையும் கொண்டுவரலாம். நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும். அவருக்குத் தேவை வைத்தியசாலை, எந்தப் பானமும் அல்ல.

அதனால் கொம்புச்சாவோடு இந்தப் பேச்சை முடித்துக்கொள்ளவும் முடியாது. புளித்த பானம் என்றால் தேயிலைதான் என்று யார் சொன்னது? திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்த நம் முன்னோருக்குக் கூழும் நீராகாரமும் மோரும் அன்றாடம். குரக்கன் மாவை இரவே கரைத்து வைத்துக் காலையில் காய்ச்சும் கூழின் புளிப்பு இலற்றிக் அமிலப் பக்டீரியா தருவது. பழைய சோற்று நீரிலும் மோரிலும் பெரும்பாலும் அந்த வகைப் பக்டீரியாவே வேலை செய்கிறது. இவற்றில் மதுசாரம் பேருக்குக்கூடத் தேறாது. ஆடியில் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழை நாம் பிரசாதம் என்று ஒதுக்கிவிட்டோம். பசிக்கும் தாகத்துக்கும் உரியதாக அதைத் திரும்ப எடுக்கலாம். தோட்டங்களில் மாடு வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. பால் முழுவதும் சேகரிப்பு நிலையத்துக்கே போகிறது. இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட மோர், மீண்டு வருபவரின் கையில் பயமில்லாமல் கொடுக்கக்கூடியது. அதற்காகப் பாலில் ஒரு பங்கை வீட்டில் நிறுத்துவது பெரிய புரட்சியல்ல.

இரண்டாவது மறுப்பு சீனியைப் பற்றியது. லீற்றருக்கு எழுபது கிராம் போட்டால் ஒரு வாரத்துக்குப் பின்னும் அதில் கணிசமான பங்கு பானத்திலேயே தங்குகிறது. நீரிழிவு பெருகிவரும் சமூகத்தில் இதை அலட்சியம் செய்ய முடியாது. நாளுக்கு ஒரு சிறு கோப்பை என்பதே சரியான அளவு. 1995 இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்புச்சா குடித்துவந்த இரு பெண்களுக்கு இரத்தத்தில் அமிலம் ஏறி ஒருவர் இறந்தார். பானம்தான் காரணம் என்று நிறுவப்படவில்லை, ஆனாலும் ஆராய்ந்த அதிகாரிகள் நாளுக்கு நான்கு அவுன்ஸ், அதாவது 120 மில்லிலீற்றர் அளவே தீங்கில்லாதிருக்கக்கூடும் என்றார்கள். சீனியைப் பற்றிச் சொல்லும்போது விலையையும் பாருங்கள்: ஒரு கிலோ சீனியில் பதினான்கு லீற்றர் செய்யலாம். 2024 இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்ட ஒரு தொழிலாளிக்குச் சாராயப் போத்தலோடு இதை ஒப்பிடவே தேவையில்லை. நகரக் கடையில் இதே பானம் ஆடம்பரப் பொருளாக விற்கப்படுவது பானத்தின் குற்றமில்லை.

மூன்றாவது மறுப்பைச் சொல்கிறவர்கள் தோட்ட மக்கள் மீது அக்கறை கொண்டவர்கள். குடிக்குக் காரணம் லயத்து அறையின் நெருக்கடியும் குறைந்த கூலியும் முடிவில்லாத கடனும்தான். வீட்டையும் காணியையும் கொடுங்கள், பானத்தைப் பற்றிப் பிறகு பேசலாம் என்பது அவர்கள் வாதம். முதல் பாதியை நான் முழுமையாக ஏற்கிறேன். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒரு குடும்பமே இருக்கும்போது ஆண் மாலையில் எங்கே போவான்? கோயில் வாசல், கடையோரம், தவறணை. ஆனால் இரண்டாம் பாதி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காத்திருக்கச் சொல்கிறது. 2016 இன் தேசியக் கணிப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதம். இதற்குக் குடி மட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கொழுந்துக் கூடையைச் சுமந்து ஒரு பெண் கொண்டுவரும் கூலியில் ஒரு பங்கு தினமும் கால் போத்தலுக்குப் போகும் வீட்டில், முட்டையும் பருப்பும் அந்தப் பங்கிலிருந்துதான் கழிகின்றன. காணி உரிமைக்கான போராட்டமும் இந்த வேலையும் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

நான் உண்மையில் அஞ்சும் ஆபத்து வேறு. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தைத் தடைசெய்தது. 21 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும் தடுத்தது. ஆனால் உலகெங்கும் மது நிறுவனங்கள் இப்போது தங்கள் பெயரிலேயே மதுசாரமற்ற பியரை விற்கின்றன. அதன் விளம்பரம் அசல் பியருக்கும் சேர்த்தே வேலை செய்கிறது. புளித்த பானங்களும் அந்தக் கைகளுக்குப் போனால், நம் பிள்ளைகளுக்கு அவை மதுவின் முதல் படியாக ஆகிவிடும். பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொம்புச்சா வேண்டாம். அவர்களுக்கு மோர் போதும்.

ஆகவே யார் செய்வது என்பது சிறிய கேள்வியல்ல. தென்னாபிரிக்காவில் வீடுகளில் செய்யப்பட்டுவந்த மஹேவு என்ற சோளக் கஞ்சிப் புளிப்பு, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஆலைகளில் தயாராகிச் சுரங்கத் தொழிலாளருக்கு உணவாக வழங்கப்பட்டது. அறிவியல் ஒரு மக்கள் பானத்தைப் பெருமளவில் பாதுகாப்பாகச் செய்ய வைக்கும் என்பதற்கு அது சான்று. அதே சமயம், பானம் வீட்டுப் பெண்களின் கையிலிருந்து நிறுவனத்தின் கைக்குப் போன கதையும் அதுதான். இங்கே அது அப்படி ஆக வேண்டியதில்லை. தோட்டங்களில் பெண்களின் சிறு சேமிப்புக் குழுக்கள் இருக்கின்றன, கூட்டுறவுக் கடைகள் இருக்கின்றன, சம்பள நாளில் திறந்திருக்கக்கூடிய சனசமூக நிலையங்களும் இருக்கின்றன. அங்கே மேசை போட்டு, கரம் பலகையும் பத்திரிகையும் வைத்து, சம்பள நாள் மாலையில் தவறணை திறந்திருக்கும் அதே நேரத்துக்குக் கூழும் மோரும், பெரியவர்களுக்குத் தேயிலைப் புளிப்பும் ஊற்றலாம். 1925 இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இயங்குகிறது. எந்தத் தரத்துத் தூளில், எத்தனை கிராம் சீனியில், பதினாறு பாகைக் குளிரில் எத்தனை நாளில் மதுசாரம் அரை வீதத்துக்குள் நிற்கும் என்பதை அளந்து, தமிழிலும் சிங்களத்திலும் ஒரே ஒரு தாளில் அச்சிட்டு ஒவ்வொரு தோட்ட மருந்தகத்திலும் ஒட்டும்படி அந்த நிலையத்தை நாம் கேட்க வேண்டும். இந்த அவையிலிருந்தே அந்தக் கோரிக்கைக் கடிதம் போகலாம். கையெழுத்திட நான் தயார்.